தாளம் தப்பாமல் சிடி கேட்க: லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஒரு பழுதுபார்ப்பு

சிடியைப் போட்டால் டிரைவ் சுற்றும் சத்தம் கேட்கிறது. டெஸ்க்டாப்பில் ஆடியோ டிஸ்க் என்று சின்னமும் வருகிறது. பாட்டு மட்டும் ஒரு சமயம் வருகிறது, இன்னொரு சமயம் வருவதில்லை. வந்தாலும் நடுவில் திக்குகிறது. நங்கநல்லூரில் பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த கோளாறு இது.

அவரிடம் அலமாரி நிறைய கர்நாடக சங்கீத சிடிக்கள் இருக்கின்றன. மார்கழி சீசனில் சபா வாசல் கடைகளில் வருஷா வருஷம் வாங்கிச் சேர்த்தவை. அவருடைய சிடி பிளேயர் நின்றுபோய், உதிரி பாகம் கிடைக்காது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். அதனால் என்னிடம் சும்மா கிடந்த டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22 போட்டு, அதிலிருந்த சாட்டா டிவிடி ரைட்டரோடு அவர் ஹாலில் வைத்தேன். இதெல்லாம் இணையத்திலேயே கிடைக்குமே என்று பலர் சொல்வார்கள். பெரியப்பாவின் சிடிக்களில் பாதிக்கு மேல் நான் தேடிய எந்தச் செயலியிலும் இல்லை. சின்ன வெளியீட்டாளர்கள் சில நூறு பிரதிகள் அச்சிட்டு விற்ற கச்சேரிகள் அவை. அந்த டிஸ்க் பாடினால்தான் உண்டு.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை இங்கே ஒலிக்கேற்பத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி சிக்கலில் பலரும் முதலில் பிளேயரை மாற்றிப் பார்ப்பார்கள். விஎல்சி வேலை செய்யவில்லையா, ரிதம்பாக்ஸ் போடு, அதுவும் இல்லையா, இன்னொன்று. இதில் நேரம்தான் போகும். பிளேயர் என்பது மேல்தட்டு. அதற்குக் கீழே டிரைவ், கேபிள், கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), அனுமதி என்று நாலு தட்டு இருக்கிறது, பக்கவாட்டில் ஒலி வெளியேறும் வழி வேறு இருக்கிறது. எந்தத் தட்டில் உடைந்தாலும் பிளேயர் காட்டும் பிழைச் செய்தி ஒன்றுதான்: டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை. ஆகவே கீழிருந்து மேலே போனேன்.

அதற்கு முன் ஆடியோ சிடி எப்படிப்பட்ட பொருள் என்று புரிந்திருப்பது முக்கியம். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980-இல் வகுத்த ரெட் புக் என்ற தரத்தின்படி அது எழுதப்படுகிறது. அதில் ஃபைல் கிடையாது, ஃபோல்டர் கிடையாது. உள்விளிம்பில் தொடங்கி வெளிப்பக்கமாகச் சுருண்டு போகும் ஒரே தடம். அதில் விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு சானல். இது விநாடிக்கு 75 செக்டராகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு செக்டரிலும் 2352 பைட் ஒலி இருக்கும். டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு பொருளடக்கம், எந்த டிராக் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று. அவ்வளவுதான்.

அதனால் ஆடியோ சிடியை மவுன்ட் செய்ய, அதாவது பென் டிரைவ் போல ஃபோல்டராக இணைத்துத் திறக்க, முடியாது. மவுன்ட் செய்ய உள்ளே ஃபைல் சிஸ்டமே இல்லை. ஃபைல் மேனேஜரில் டிராக் 1, டிராக் 2 என்று வேவ் ஃபைல்கள் தெரிகிறதே என்றால், அது ஜிவிஎஃப்எஸ் என்ற இடைநிலை நமக்காகப் போட்டுக் காட்டும் தோற்றம். டிஸ்க்கில் அப்படி எதுவும் இல்லை. ஒரு காலத்தில் பர்மா பஜாரில் வாங்கிய நூறு பாட்டு எம்பி3 சிடிக்கள் வேறு ஜாதி. அவை டேட்டா டிஸ்க்குகள், சாதாரணமாக மவுன்ட் ஆகும். இரண்டையும் ஒரே அட்டைப்பெட்டியில் வைத்திருக்கும் வீடுகளில், ஒன்று ஓடுகிறது ஒன்று ஓடவில்லை என்ற புகாருக்கு இந்த வித்தியாசமே காரணமாக இருக்கும்.

சரி, கீழ்த்தட்டு. 'சூடோ டிமெசேஜ் (dmesg) -டபிள்யூ' என்று ஒரு டெர்மினலில் ஓடவிட்டு, இன்னொரு பக்கம் சிடியைப் போட்டேன். கர்னல் என்ன சொல்கிறது என்று உடனுக்குடன் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. முதலில் கண்ணில் பட்டது சிவப்பு எழுத்தில் வரிசையாக பஃபர் ஐஓ எரர், எஸ்ஆர்0, லாஜிக்கல் பிளாக் 0. இதைப் பார்த்ததும் டிரைவ் போச்சு என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அதற்கு மேலே உள்ள சென்ஸ் வரியை, அதாவது டிரைவ் காரணம் சொல்லும் வரியை, படிக்க வேண்டும். அதில் இல்லீகல் ரிக்வெஸ்ட், இல்லீகல் மோட் ஃபார் திஸ் டிராக் என்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஏதோ ஒரு நிரல் ஆடியோ டிராக்கை டேட்டா செக்டர் என்று நினைத்துப் படிக்கப் பார்த்திருக்கிறது, டிரைவ் சரியாகவே மறுத்திருக்கிறது. நல்ல சிடியிலும் நல்ல டிரைவிலும் இது வரும். மீடியம் எரர் என்று வந்தால்தான் டிஸ்க்கிலோ லென்ஸிலோ உண்மையான கோளாறு. மீடியம் நாட் பிரசன்ட் என்று வந்தால், டிஸ்க் இருப்பதையே டிரைவ் உணரவில்லை என்று பொருள்.

இங்கே மூன்றும் கலந்து வந்தன. கூடவே ஏடிஏ என்று தொடங்கும் வரிகளில் ஹார்ட் ரீசெட்டிங் லிங்க் என்ற செய்தி அடிக்கடி வந்தது. இது சிடியோடு சம்பந்தமே இல்லாதது. மதர்போர்டுக்கும் டிரைவுக்கும் இடையே உள்ள இணைப்பு அறுந்து அறுந்து ஒட்டுகிறது. கேபினட்டைத் திறந்து பார்த்தால், சாட்டா கேபிள் பூட்டுக் கிளிப் இல்லாத பழைய ரகம், டிரைவ் அதிர்கிறபோதெல்லாம் கொஞ்சம் நழுவுகிற நிலையில் இருந்தது. கிளிப் வைத்த கேபிளாக மாற்றி, மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகியதும் ரீசெட் செய்தி அடியோடு நின்றுவிட்டது. பாட்டு நடுவில் மொத்தமாக நின்றுபோகிற தொல்லை அதோடு ஒழிந்தது. திக்கல் மட்டும் மிச்சம்.

அடுத்து அனுமதி. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. '/டெவ்/எஸ்ஆர்0' என்ற சாதன ஃபைல் சிடிராம் என்ற குழுவுக்குச் சொந்தம். பெரியப்பாவுக்காக உருவாக்கிய பயனர் அந்தக் குழுவில் இல்லை. ஆனாலும் அவர் கணினி முன் உட்கார்ந்து லாகின் செய்தால் வேலை செய்கிறது. காரணம், நேரில் உட்கார்ந்திருக்கும் பயனருக்கு சிஸ்டம்டி (லினக்ஸின் பின்னணிச் சேவைகளை நடத்தும் நிரல்) தற்காலிகமாகத் தனி அனுமதி தருகிறது. 'எல்எஸ் -எல்' போட்டால் அனுமதி எழுத்துகளின் முடிவில் ஒரு கூட்டல் குறி தெரியும், அதுதான் அடையாளம். நான் ஆதம்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலைதூர லாகின் வழியாகச் சோதித்தால் அந்தச் சலுகை கிடைக்காது, பெர்மிஷன் டினைட் என்றுதான் வரும். தொலைவிலிருந்து ஒருவருக்கு உதவுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்போம். 'சூடோ அட்யூசர் பயனர்பெயர் சிடிராம்' என்று சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி லாகின் செய்தால் இரண்டு வழியிலும் சரியாகிவிடும். ஸ்னாப், ஃபிளாட்பேக் வகையில் நிறுவிய பிளேயர்களுக்கு இது போதாது. அவை தனிக் கூண்டுக்குள் ஓடுவதால் ஆப்டிகல் டிரைவ் அனுமதி தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் ஏபிடி என்ற மின்ட்டின் வழக்கமான நிறுவும் முறையில் வரும் சாதாரண பேக்கேஜையே வைத்துக்கொண்டேன். இந்த வேலைக்கு அதுதான் நிம்மதி.

டிரைவ், கேபிள், அனுமதி மூன்றும் சரி என்பதை ஒரே கட்டளையில் உறுதி செய்யலாம்: 'சிடிபாரனோயா -விஎஸ்க்யூ' (க்யூ மட்டும் பெரிய எழுத்து). இந்தச் சிறிய நிரலை ஆடியோ சிடி வைத்திருக்கும் எல்லாரும் நிறுவிக்கொள்ள வேண்டும் என்பேன். டிரைவின் பெயர், டிஸ்க்கின் பொருளடக்கம், ஒவ்வொரு டிராக்கின் நீளம், தொடக்க செக்டர் எல்லாம் அட்டவணையாக வரும். அட்டவணை வந்துவிட்டால் கீழே எல்லாம் நலம், மேலே தேடலாம். வராவிட்டால் எந்தப் பிளேயரை மாற்றியும் பயனில்லை.

இந்த அட்டவணை ஒரு டிஸ்க்குக்கு உடனே வந்தது, இன்னொன்றுக்கு டிரைவ் முனகி முனகி வெகுநேரம் கழித்து வந்தது. ஆனால் அதே டிரைவில் சினிமா டிவிடி ஒன்று தங்குதடையின்றி ஓடியது. டிவிடி ஓடுகிறதே, லென்ஸ் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். அப்படிச் சொல்ல முடியாது. டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். ஒரே டிரைவுக்குள் இரண்டும் உண்டு. ஒன்று நன்றாக இருக்க இன்னொன்று மங்கிப்போவது சாதாரணம். அது மங்கியதா, வெறும் தூசியா என்று துடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ரிச்சி தெருவில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சின்ன பாட்டிலில் கிடைக்கும். கரண்டை முழுவதும் அணைத்துவிட்டு, டிரைவைக் கழற்றி, முன்பக்கத்துச் சின்ன ஓட்டையில் பேப்பர் கிளிப்பை நீட்டிச் செருகித் தட்டை வெளியே இழுத்தேன். முகப்பை எடுத்துவிட்டு, அடியில் உள்ள நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் லென்ஸ் தெரியும். அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். கடல் காற்றும் புழுக்கமும் உள்ள ஊரில், சும்மா கிடந்த மிஷினில் இது ஆச்சரியமில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஆல்கஹாலைத் தொட்டு, உதறி, மெல்ல ஒரே ஒரு தடவை வட்டமாகத் துடைத்தேன். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அழுத்தினால் கம்பி வளைந்து டிரைவ் நிரந்தரமாகக் கெட்டுவிடும். மூடியைத் திறந்து வைத்தபடி கரண்ட் கொடுத்துப் பார்க்கவே கூடாது. 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

துடைத்தபின் கடையில் வாங்கிய சிடிக்கள் எல்லாமே சட்டென்று அட்டவணையைக் கொடுத்தன. டிமெசேஜில் மீடியம் எரர் இல்லை.

பாட்டு வரும் என்று விஎல்சியில் போட்டோம். நேரம் ஓடுகிறது, சத்தம் இல்லை. இந்த இடத்தில்தான் பழைய இணையக் குறிப்புகள் நம்மை வழிமாற்றிவிடும். இருபது வருஷத்துக்கு முன் சிடி டிரைவின் பின்னாலிருந்து சவுண்ட் கார்டுக்கு நாலு முனை கொண்ட ஒரு அனலாக் கேபிள் போகும். டிரைவ் தானே பாடும், கணினி பாடு, நிறுத்து என்று கட்டளை மட்டும் கொடுக்கும். அந்தக் கேபிள் இல்லையென்றால் டிராக் ஓடும், ஒலி வராது. எங்கள் அறிகுறியும் அதேதான், காரணம் வேறு. சாட்டா டிரைவ்களில் அந்த அனலாக் வாயே கிடையாது. இப்போது உள்ள பிளேயர்கள் சிடியின் எண்களை அப்படியே படித்து எடுத்து, மற்ற ஒலியைப் போலவே பைப்வயர் என்ற ஒலிச் சேவை வழியாக அனுப்புகின்றன. ஆகவே கேபிளைத் தேட வேண்டாம், ஒலி எங்கே போகிறது என்று பார்த்தால் போதும்.

'டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று தட்டினால் ஒலிச் சாதனங்கள் வரிசையாக வரும், எது நடப்பில் இருக்கிறதோ அதன் பக்கத்தில் நட்சத்திரக் குறி. நட்சத்திரம் எச்டிஎம்ஐ மேல் நின்றது. மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லை. 'டபிள்யூபிசிடிஎல் செட்-டிஃபால்ட்' என்று எழுதி அனலாக் வாயின் எண்ணைப் போட்டதும் தம்புரா சத்தம் வந்துவிட்டது. பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வேலை முடிந்தது என்று கிளம்பியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு கச்சேரிப் பதிவு. பிரதான உருப்படி முடிந்து தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கும் இடத்தில் டிராக் மாறுகிறது. மாறும் இடத்தில் ஒரு சின்ன மௌனம், பிறகு மிருதங்கம்.

"தாளம் தப்புதேப்பா" என்றார். தொடையில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"பாட்டு சரியா வருதே பெரியப்பா?"

"பாட்டு வருது. நடுவுல விட்டுட்டு வருது. பழைய பிளேயர்ல இப்படி இல்ல."

அவர் சொன்னது முழுக்க சரி. டிஸ்க்கில் அந்த இடத்தில் மௌனம் இல்லை. டிராக் எண் என்பது பொருளடக்கத்தில் உள்ள ஒரு அடையாளம் மட்டும்தான், ஒலி அங்கே தொடர்ந்து ஓடுகிறது. தனி சிடி பிளேயர் தடத்தை விடாமல் படித்துக்கொண்டே போகும். கணினியில் நான் வைத்த பிளேயர் ஒவ்வொரு டிராக்கையும் தனி உருப்படியாக எடுத்து, ஒன்றை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கிறது. அந்த மூடித் திறக்கும் நேரம்தான் நாம் கேட்கும் இடைவெளி. சினிமாப் பாட்டு சிடியில் யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். ஆனால் ராகம் தானம் பல்லவியை மூன்று டிராக்காக வெட்டியிருக்கும் சிடியில், தானத்திலிருந்து பல்லவிக்குப் போகும் இடத்தில் அரை விநாடி போனாலும் போனதுதான். ஒலி வருகிறதா என்பதோடு நின்றுவிடும் சோதனை பாதிச் சோதனை என்று எனக்கு இங்கேதான் பட்டது. நேரடிக் கச்சேரிப் பதிவைப் போட்டு டிராக் மாறும் இடத்தைக் கேட்டுப் பார்க்காமல், சிடி நன்றாக ஓடுகிறது என்று சொல்லக் கூடாது.

தீர்வு எம்பிவி என்ற இன்னொரு பிளேயர். டெர்மினலில் 'எம்பிவி சிடிடிஏ://' என்று கொடுத்தால் அது முழு டிஸ்க்கையும் ஒரே நீண்ட ஓட்டமாக எடுத்துக்கொள்கிறது. டிராக்குகள் அதற்குள் அத்தியாயங்களாகத் தெரியும், பேஜ் அப், பேஜ் டவுன் விசைகளால் தாவலாம். மூடித் திறக்கும் வேலையே இல்லாததால் இடைவெளியும் இல்லை. தனி ஆவர்த்தனம் வந்தபோது பெரியப்பாவின் கை நிற்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

எம்பிவியில் முதலில் கொஞ்சம் திக்கல் இருந்தது. கூடவே டிரைவ் மிக்ஸி மாதிரி இரைந்தது. இரண்டுக்கும் காரணம் வேகம். பாட்டுக்குத் தேவையான வேகம் 1 எக்ஸ், அதாவது விநாடிக்கு 1,76,400 பைட். அந்த வேகத்தில் டிஸ்க் உள்விளிம்பில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளிவிளிம்பில் சுமார் 200 சுற்றுதான் சுற்றும். ஆனால் கணினி டிரைவ் வழக்கப்படி முழு வேகத்துக்குப் போகிறது, 48 எக்ஸ் என்றால் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்குப் பக்கத்தில். லேசாக வளைந்த டிஸ்க் அந்த வேகத்தில் ஆடும், லென்ஸ் தடத்தை விட்டுப் பிடிக்கும், பின்வாங்கி மறுபடி படிக்கும். அந்த நேரத்தில் ஒலி காத்திருக்கிறது. 'எஜெக்ட் -எக்ஸ் 4' என்று கொடுத்தால் டிரைவ் 4 எக்ஸ் அல்லது அதற்குப் பக்கத்தில் தன்னால் முடிந்த வேகத்துக்கு இறங்கும். இரைச்சல் போய்விட்டது, திக்கலும் போய்விட்டது. டிஸ்க்கை மாற்றினால் டிரைவ் இதை மறந்துவிடலாம் என்பதால், இந்தக் கட்டளையையும் எம்பிவியையும் இரண்டு வரி ஸ்கிரிப்டாக எழுதி, டெஸ்க்டாப்பில் ஒரு பட்டனாக வைத்துவிட்டேன். பெரியப்பா சிடியைப் போட்டு அதை அமுக்குகிறார், அவ்வளவுதான். பாடிக்கொண்டிருக்கும்போது டிரைவின் பட்டனை அமுக்கினால் தட்டு வெளியே வராமல் போகலாம், முதலில் நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

போகிற போக்கில் இன்னொன்றும் செய்தேன். பைப்வயர் இயல்பாக எல்லா ஒலியையும் 48,000 மாதிரிக்கு மாற்றித்தான் வெளியே விடுகிறது. சிடி 44,100. 'கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் பைப்வயருக்கான ஒரு சிறிய ஃபைலில் டிஃபால்ட் கிளாக் அலவ்ட் ரேட்ஸ் என்ற இடத்தில் இரண்டு எண்களையும் கொடுத்து, பைப்வயரை மறுபடி தொடங்கினால் சிடி தன் சொந்த வேகத்திலேயே போகும். 'பிடபிள்யூ-டாப்' கட்டளையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன், பைப்வயரின் மாற்றும் முறை நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் தேவையில்லாத ஒரு மாற்றம் குறைகிறது என்பதால் செய்தேன்.

இனி கீறல் விழுந்த டிஸ்க்குகள். ஒரு டேட்டா சிடியில் 2352 பைட் செக்டரில் 2048 மட்டுமே நம் விஷயம், மீதி 304 பைட் அடையாளத்துக்கும் கூடுதல் பிழைதிருத்தத்துக்கும் போகிறது. ஆடியோ சிடியில் 2352-ம் ஒலி. அதனால் அதில் அந்த இரண்டாவது பாதுகாப்பு இல்லை. முதல் அடுக்குப் பிழைதிருத்தம் தடத்தின் வழியே சுமார் 2.5 மில்லிமீட்டர் சேதம் வரை முழுமையாகச் சரிசெய்யும். அதற்கு மேல் போனால் இரண்டு பக்கத்து மாதிரிகளைப் பார்த்து ஊகித்து நிரப்பும், அதற்கும் மேல் போனால் சொடுக்கு கேட்கும். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறலை இந்த முறை எளிதாகத் தாண்டிவிடும். தடத்தோடு சேர்ந்து வட்டமாக ஓடும் கீறல்தான் ஆபத்து. சிடியை வட்டமாகத் துடைக்காதே, நடுவிலிருந்து வெளியே நேராகத் துடை என்று சொல்வதன் காரணம் இதுவே. பூஞ்சை பூத்த டிஸ்க்குகளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, மெத்தென்ற துணியில் ஒற்றி எடுத்தேன். பல டிஸ்க் அதிலேயே பிழைத்துக்கொண்டது. அச்சுப் பக்கத்துக் கீறலுக்கு மருந்தில்லை. ஒலியைத் தாங்கும் பளபளப்புப் படலம் அந்தப் பக்கம் மெல்லிய பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது. டிஸ்க்கை விளக்குக்கு நேராகப் பிடித்தால் ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரியும்.

இப்படிப்பட்டவற்றை ஓடவிட்டுக் கேட்பதைவிட ஒருமுறை பொறுமையாகப் படித்து ஃபைலாக வைத்துக்கொள்வது நல்லது. சிடிபாரனோயா செய்வதும் இதைத்தான். ஆடியோ செக்டர்களில் துல்லியமான முகவரி இல்லாததால், படிப்பதை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது டிரைவ் சில மாதிரிகள் முன்னே பின்னே வந்து நிற்கலாம். சிடிபாரனோயா ஒவ்வொரு துண்டையும் முந்தையதன் மேல் கொஞ்சம் ஏறிவரும்படி படித்து, ஒத்துப்பார்த்துத் தைக்கிறது. ஓடும்போது ஒரு சின்ன முகக்குறி தெரியும். சிரித்தால் நலம், முகம் வாடினால் கீறலைச் சந்தித்திருக்கிறது. முன்னேற்றக் கோட்டில் வி என்ற எழுத்து விழுந்தால் அந்த இடம் சரிசெய்ய முடியாமல் தாண்டப்பட்டது என்று பொருள். அந்த இடத்தைக் காதால் கேட்டுச் சோதிக்க வேண்டும். டிராக் டிராக்காக எடுக்காமல் "1-" என்று கொடுத்து முழு டிஸ்க்கையும் ஒரே வேவ் ஃபைலாக எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு 635 மெகாபைட் ஆகும். ஃபிளாக் என்ற ஃபைல் வகையாக ஆக்கினால் ஒலியில் ஒரு பிட்கூட இழக்காமல் அதில் பாதியளவுக்குச் சுருங்கும். எம்பி3 வேண்டவே வேண்டாம். அது டிராக்கின் முன்னும் பின்னும் சிறிது மௌனத்தைச் சேர்க்கிறது, மறுபடி அதே தாளப் பிரச்சினை.

சிடிபாரனோயா அட்டவணையில் பிரீ என்று ஒரு பத்தி இருக்கும், அதையும் பாருங்கள். பெரும்பாலும் நோ என்றுதான் வரும். எண்பதுகளில் அச்சான ஒரு சிடிக்கு மட்டும் யெஸ் என்று வந்தது. உச்ச ஒலிகளைத் தூக்கிப் பதிந்து, கேட்கும்போது பிளேயர் இறக்கிவிடும் பழைய முறை அது. தனி சிடி பிளேயர் தானாகவே இறக்கும். கணினியில் அது நடப்பதில்லை, வயலின் கூர்மையாகக் காதைக் குத்தும். சாக்ஸ் என்ற ஒலி திருத்தும் நிரலில் டிஎம்ப் என்ற வடிகட்டியைப் போட்டு ஃபைலைச் சரிசெய்தேன், வயலின் வயலினாகிவிட்டது.

மிச்சம் இருப்பவை வீட்டில் எழுதிய சிடி-ஆர் டிஸ்க்குகள். பெரியப்பா கேசட்டிலிருந்து யாரிடமோ கொடுத்து மாற்றி வைத்தவை. இவற்றில் ஒலி சாயப் படலத்தில் இருக்கிறது, வெயிலும் சூடும் அதை வெளுக்க வைக்கும். பேப்பர் லேபிள் ஒட்டியவை சமநிலை தவறி ஆடுகின்றன. இந்த டிரைவ் தடுமாறிய சிலவற்றை, ரிச்சி தெருவில் வாங்கிய வேறு ஒரு பழைய டிரைவ் அமைதியாகப் படித்தது. டிரைவுக்கு டிரைவ் இந்த விஷயத்தில் அவ்வளவு வேறுபாடு. ஆகவே ஒரு டிரைவ் முடியாது என்றால் அந்த டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னும் படியாத சிலவற்றைத் தனி உறையில் வைத்திருக்கிறேன், இன்னொரு டிரைவ் கிடைத்ததும் பார்க்க வேண்டும். சிடி-ஆர் வைத்திருப்பவர்கள் முதலில் அவற்றை ஃபைலாக்கிக்கொள்ளுங்கள், கடையில் வாங்கிய சிடிக்கள் காத்திருக்கும்.

பெயர் போடுவது தனி வேலை. டிராக்குகளின் தொடக்க இடங்களிலிருந்து ஒரு அடையாள எண் கணக்கிட்டு, அதைவைத்து மியூசிக்பிரெயின்ஸ் என்ற இணையத் தகவல்தளத்தில் தேடலாம். ஃப்ரீடிபி என்ற பழைய தகவல்தளம் 2020-இல் மூடப்பட்டுவிட்டது, அதைத் தேடும் பழைய நிரல்கள் சும்மா காத்துக்கொண்டிருக்கும். பெரியப்பாவின் டிஸ்க்குகளில் பல மியூசிக்பிரெயின்ஸில் இல்லை, இருந்தவற்றிலும் பாடியவர் யார், இயற்றியவர் யார் என்று குழம்பிக் கிடந்தது. ஃபிளாக்கில் ஒரு வசதி: நமக்கு வேண்டிய பெயரில் டேக் வைத்துக்கொள்ளலாம். டேக்கின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், உள்ளே எழுதுவது யூனிகோட் என்பதால் தமிழிலேயே எழுதலாம். ராகம், தாளம், வயலின், மிருதங்கம் என்று தனித்தனி டேக் வைத்து மெட்டாஃப்ளாக் கட்டளையால் போட்டுக்கொண்டு வருகிறேன். ராகத்தை உறை பார்த்து நிரப்புகிறேன். உறையில் இல்லாதபோது பெரியப்பா ஆலாபனையைக் கொஞ்சம் கேட்டுவிட்டுச் சொல்கிறார், நான் தட்டிக்கொள்கிறேன்.